மன்றோ கோட்பாடுன்னா என்ன? அமெரிக்கா வல்லரசு ஆனதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சிம்பிளா சொன்னா, 1823-ல அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ ஐரோப்பா நாடுகளப் பார்த்து சொன்னது இதுதான்: வட, தென் அமெரிக்கா பக்கம் இனிமே புதுசா காலனி பிடிக்க வராதீங்க, உங்க சண்டைலயும் நாங்க தலையிட மாட்டோம்.

ஏன் சொன்னாருன்னா, அப்பதான் லத்தீன் அமெரிக்க நாடுகள் ஸ்பெயின்கிட்ட இருந்து விடுதலை ஆகிட்டு இருந்துச்சு, திரும்ப ஐரோப்பாக்காரன் உள்ள வந்துருவானோன்னு பயம். ஆனா தடுக்கற அளவுக்கு அமெரிக்காகிட்ட கடற்படையே கிடையாது, அங்க வியாபாரம் பண்ண ஆசைப்பட்ட பிரிட்டனோட கப்பல்கள்தான் உண்மைல காவல். தெருமுனைல ஒரு சின்னப் பையன் "எங்க தெருவுக்குள்ள வராதே"ன்னு சத்தம் போடறான், பின்னாடி பெரிய அண்ணன் ஒருத்தர் தன் காரியத்துக்காக நிக்கறாரு, அந்த மாதிரி.

அப்புறம் பையன் வளந்துட்டான். தொழிற்சாலை, ரயில், ஸ்டீல் கப்பல்னு பெருகி 1898-ல ஸ்பெயின ஜெயிச்சு பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, குவாம எடுத்துக்கிட்டாங்க. 1904-ல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதே கோட்பாட்ட நீட்டி, லத்தீன் அமெரிக்கால தப்பு நடந்தா நாங்களே தலையிடுவோம்னுட்டாரு. காவல்னு ஆரம்பிச்சது அதிகாரமா மாறினது இங்கதான், எனக்கு இது பெரிய அநியாயமாத்தான் படுது. ஐரோப்பா சண்டைல தலையிட மாட்டோம்னவங்க 1917-ல அங்க நடந்த முதல் உலகப் போருக்கே போயிட்டாங்க, 1949-ல ஐரோப்பா நாடுகளோட நேட்டோங்கற ராணுவக் கூட்டணியும் வெச்சுக்கிட்டாங்க.

நிறைய பேர் மன்றோ கோட்பாட்ட ஒரு சட்டம் இல்லன்னா ஒப்பந்தம்னு நினைக்கறாங்க, ஆனா அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மன்றோ அனுப்பின வருடாந்திர செய்தில வந்த சில பத்திதான்.