மின்சாரம்: கேள்வி – பதில்

கே: ஜெர்மனி சோலாரில் முன்னேறியதற்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் காரணமாமே? (திண்டுக்கல் வாசகர்)

ப: பாதி உண்மை. ஹான்ஸ்-யோசெஃப் ஃபெல்லைச் சொல்கிறீர்கள். 1952-ல் பவேரியாவின் ஹாம்மெல்பர்கில் பிறந்தவர். இயற்பியலும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தவர், பசுமைக் கட்சிக்காரர்.

1991-லிருந்தே ஜெர்மனியில் ஒரு சட்டம் இருந்தது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை மின் நிறுவனங்கள் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் அதில் சொன்ன விலை காற்றாலைக்குக் கட்டுபடியானது, சோலாருக்குப் பத்தவில்லை. கூரையில் பேனல் வைத்தவர் போட்ட முதல் திரும்பி வரும் அளவுக்கு யூனிட் விலை தர வேண்டும் என்று 1993-ல் ஹாம்மெல்பர்க் நகர்மன்றத்தில் முடிவெடுக்க வைத்தார் ஃபெல். ஆஹன் போன்ற ஊர்களிலும் அப்போது இதே முயற்சி நடந்தது.

1998-ல் எம்.பி. ஆனார். இதையே நாடு முழுக்கக் கொண்டுவரும் மசோதாவைப் பொருளாதார அமைச்சகம் இழுத்தடிக்கவே, எம்.பி.க்களே எழுதினார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் ஷேர் உட்பட அதில் பலரின் கை உண்டு. பாதி உண்மை என்றது அதனால்தான். 2000 ஏப்ரல் 1-ல் சட்டம் அமலுக்கு வந்தது. சோலார் யூனிட்டுக்கு 99 ஃபெனிக் (அன்றைய ஜெர்மன் காசு), அதாவது வீட்டுக் கட்டணத்தைப் போல சுமார் மூன்று மடங்கு. அந்த விலைக்கு 20 வருஷ உத்தரவாதம். 2002-லிருந்து புதிதாக வைப்பவர்களுக்கு மட்டும் வருஷத்துக்கு 5 சதவீதம் குறைவு.

மின்வாரியத்தில் காலம் தள்ளிய எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த 20 வருஷம்தான். அந்தக் காகிதத்தைக் காட்டினால் விவசாயிக்கும் வங்கி கடன் கொடுக்கும். தள்ளிப்போட்டால் விலை குறையும் என்பதால் யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். கெட்டிக்காரத்தனமான கணக்கு!

கே: அந்தப் பணத்தை அரசு கொடுத்ததா? (தஞ்சாவூர் வாசகி)

ப: கஜானாவிலிருந்து அப்போது காசு போகவில்லை. எல்லாருடைய மின் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 1991-ன் பழைய சட்டத்தின் மீதான வழக்கில், இப்படி நடப்பது அரசு மானியம் ஆகாது என்று 2001-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கூடுதல் கட்டணம் 2014-ல் யூனிட்டுக்கு 6.24 சென்ட்டைத் தொட்டது. மின்சாரத்தை விழுங்கும் பெரிய ஆலைகளுக்குச் சலுகை, சுமை வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 2022 ஜூலையில் அதை நீக்கி, செலவை அரசு ஏற்றுக்கொண்டது.

கே: பேனல் தொழில் கடைசியில் சீனாவுக்குத்தானே போனது? (கோவை வாசகர்)

ப: போனது. ஒரு காலத்தில் உலகின் முன்னணி சோலார் செல் நிறுவனமாக இருந்த ஜெர்மனியின் கியூ-செல்ஸ் 2012-ல் திவாலாகி, கொரியாவின் ஹன்வா கைக்குப் போயிற்று. அதற்காகச் சட்டமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மானியர்கள் அன்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதால்தான் ஆலைகள் பெருகி, பேனல் விலை உலகம் முழுக்க இறங்கியது. 2000-ல் ஜெர்மனியின் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்கது சுமார் 6 சதவீதம், 2023-ல் பாதிக்கு மேல்.

கே: அணு உலைகளை மூடியதும் இவர்தானா?

ப: இல்லை. அணுசக்தியை எதிர்த்தவர்தான். ஆனால் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு 2011-ல் முடிவெடுத்தது மெர்க்கெல் அரசு. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15-ல் நின்றபோது ஃபெல் எம்.பி.யே இல்லை.

கே: இப்போது என்ன செய்கிறார்?

ப: 2013-ல் நாடாளுமன்றத்தை விட்டு வந்தபின் எனர்ஜி வாட்ச் குரூப் அமைப்பின் தலைவராக இயங்கினார். நிலையான விலைக்குப் பதில், குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்ற ஏலம் வந்ததைக் கடுமையாகக் குறை சொன்னார். சின்னக் கூட்டுறவுச் சங்கங்களால் ஏலத்தில் நிற்க முடியாது என்பது அவர் வாதம். அதில் நான் அவர் பக்கம். 2050-க்குள் உலகம் முழுக்க 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சாத்தியம் என்று, ஃபின்லாந்தின் லூட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அந்த அமைப்பு 2019-ல் அறிக்கை வெளியிட்டது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வெயிலும் இல்லாமல் காற்றும் அடங்கிய ஜனவரி வாரத்தைச் சமாளிக்க எத்தனை பேட்டரி, எவ்வளவு ஹைட்ரஜன், யார் பணம்? துணை மின்நிலையத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன் இதைக் கேட்காமல் விடமாட்டான்.