குமரி தொகுதியில் சின்னக் கட்சிகளின் பலத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் வாங்கும் கட்சிகளை ஏன் இவ்வளவு தாங்குகிறார்கள், கன்னியாகுமரி போன்ற தொகுதியில் அவர்களால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்குமுனைப் போட்டி என்றால் யார் ஜெயிப்பது என்பதையே மாற்ற முடியும். நேருக்கு நேர் போட்டி என்றால் இங்கே ஒன்றும் ஆகாது. எந்த மாதிரிப் போட்டி என்பது வேட்புமனுத் தாக்கலுக்குள் முடிவாகிவிடும். அதனால் அவர்களுக்கு மவுசு அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில்தான்.

2014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்கு வாங்கி ஜெயித்தார். காங்கிரஸின் வசந்தகுமாருக்கு 2,44,244. அ.தி.மு.க. 1,76,239. தி.மு.க. 1,17,933, அதாவது 12 சதவீதம்கூட இல்லை. டெபாசிட்டைத் திரும்பப் பெற ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். காங்கிரஸும் தி.மு.க.வும் சேர்ந்து நின்றிருந்தால்கூட 3,62,177தான் வருகிறது, 10,729 குறைகிறது. அந்தத் தேர்தலில் தனியாக நின்ற மார்க்சிஸ்ட் கட்சி வாங்கியது 35,284. ஆம் ஆத்மி 15,314. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தாலே கணக்கு புரண்டிருக்கும். கூட்டணிப் பேச்சில் மூன்றரை சதவீதக் கட்சி விறைப்பாக உட்கார்ந்திருப்பது இப்படிப்பட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

ஆனால் வாக்கு அப்படியே கூட்டல் கணக்காக வராது. 2019-ல் அ.தி.மு.க. பா.ஜ.க. பக்கம் போனது. 2014 கணக்கைக் கூட்டினால் ஐந்தரை லட்சம் ஆக வேண்டும். வந்தது 3,67,302. எதிரே காங்கிரஸ் 6,27,235. காரணம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்: இங்கே சிறுபான்மையினர் வாக்கு அதிகம், இரட்டை இலைக்குப் போட்ட அந்த வாக்குகள் தாமரைக்குப் போகவில்லை. 2024-ல் பா.ம.க., அ.ம.மு.க., த.மா.கா. என்று வேறு துணைகளோடு நின்றபோதும் பா.ஜ.க.வுக்கு 3,66,341. 2014-ல் தே.மு.தி.க., பா.ம.க., ம.தி.மு.க.; 2019-ல் அ.தி.மு.க.; 2024-ல் இவர்கள். துணை மாறியும் எண் அசையவில்லை. சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து நடந்த 2021 இடைத்தேர்தல் மட்டும் விலக்கு, அப்போது 4.38 லட்சம். ஆகவே குமரியில் சின்னக் கட்சியின் பலத்தை அளக்கும்போது, 'எவ்வளவு கொண்டு வருவார்கள்' என்பதோடு 'இவர்களைச் சேர்த்தால் யார் விலகிப் போவார்கள்' என்பதையும் கேட்க வேண்டும். பேச்சுவார்த்தைக் குழுக்கள் இந்த இரண்டாவது கேள்வியைப் பல நேரம் கேட்பதே இல்லை.

இன்னொரு சிக்கல், கூட்டணிக்குள் மறைந்துபோகும் வாக்கு. மார்க்சிஸ்டின் பெல்லார்மின் 2004-ல் தி.மு.க. கூட்டணியில் நாகர்கோவில் (இப்போதைய குமரி மக்களவைத் தொகுதிக்கு முன்னோடி) எம்.பி. ஆனபோது நான்கு லட்சத்துக்கு மேல் வாங்கினார். 2009-ல் அ.தி.மு.க. அணியில் நின்று 85 ஆயிரத்துச் சொச்சம், மூன்றாம் இடம். 2014-ல் தனியாக 35 ஆயிரம். மூன்றும் அதே கட்சி, அதே வேட்பாளர். சொந்த வாக்கு எது என்று கேட்டால் தனியாக நின்ற ஆண்டின் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதையும் அடிமட்டக் கணக்காகவே எடுக்க வேண்டும், ஏனென்றால் ஜெயிக்காது என்று தெரிந்தால் ஆதரவாளரே வேறு பட்டனை அழுத்துவார். நாம் தமிழர் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அவர்கள் எப்போதும் தனியாகவே நிற்பதால் 2019-ல் 17,069, 2024-ல் 52,721 என்று எண் வெளிப்படையாக இருக்கிறது. 2024-ல் இங்கே அ.தி.மு.க. (41,393) அவர்களுக்குப் பின்னால் நான்காவதாக வந்தது. ஆனாலும் காங்கிரஸின் வித்தியாசம் 1,79,907 என்பதால் அது முடிவைத் தொடவில்லை.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க படிவம் 20 போதும். தேர்தல் முடிந்ததும் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதி வாரியாகப் போடுவார்கள். கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என ஆறு. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்று அதில் இருக்கும். இரண்டு தேர்தலின் படிவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறிப்பிட்ட கட்சிக்கு 5 சதவீதத்துக்கு மேல் உள்ள சாவடிகளை மட்டும் குறியுங்கள். தவறு பெரும்பாலும் சாவடி எண்ணில்தான் வரும். வாக்காளர் கூடினால் ஒரு சாவடியை இரண்டாக்குவார்கள், அதோடு அதற்கடுத்த எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். எனவே எண்ணை வைத்து ஒப்பிடாமல் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்து ஒப்பிடுங்கள். தபால் வாக்கு தனி வரியில் இருக்கும், அதைச் சாவடிக் கணக்கில் கலக்காதீர்கள். சட்டமன்றத் தேர்தல் எண்ணை மக்களவைத் தேர்தல் எண்ணோடு ஒப்பிடுவதும் ஏமாற்றும்.

கடற்கரைச் சாவடிகளில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். 2024-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குவதால் சின்னமுட்டம் விசைப்படகுகள் கரையில். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும், அன்று அங்கே தொழில் நடக்கும் காலம். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளர்கள் ஒரு தடவை போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மீனவர் கோரிக்கையை வைத்து நிற்கும் கட்சி மேற்குக் கரையில் குறைவாக வாங்கினால் ஆதரவு இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் அந்தச் சாவடியில் ஆண்கள் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று பாருங்கள்.

வாக்குக்கு அப்பால் சின்னக் கட்சி தருவது ஆள். தொகுதியில் சாவடிகள் ஆயிரத்து அறுநூறுக்கு மேல். ஒவ்வொன்றிலும் காலை மாதிரி வாக்குப்பதிவிலிருந்து இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும் வரை ஏஜென்ட் வேண்டும், பதிவான வாக்குக் கணக்கு இருக்கும் 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி வர வேண்டும். எண்ணிக்கை அன்று வழக்கமாகத் தொகுதிக்கு 14 மேசை, ஆறு தொகுதிக்கு 84 பேர், தபால் வாக்கு மேசைகளுக்குத் தனி. பெரிய கட்சிக்கு ஆள் இல்லாத மலையோரத்திலும் கடலோரத்திலும் நூறு சாவடிக்கு நம்பகமான ஆள் தரும் கட்சிக்கு, வாக்கு சதவீதத்தைவிட அதிக மரியாதை கிடைக்கும். நியாயமும் அதுதான்.

பதிலுக்கு என்ன கேட்கிறார்கள்? குமரி மக்களவைத் தொகுதி பெரும்பாலும் தேசியக் கட்சிகளுக்கே போகிறது. அதனால் உள்ளூர்ச் சின்னக் கட்சி கேட்பது சட்டமன்றத் தொகுதி அல்லது உள்ளாட்சி. நாகர்கோவில் மாநகராட்சி, நான்கு நகராட்சி, 51 பேரூராட்சி இருக்கும் மாவட்டம் இது. மாநில அளவில் மாநிலங்களவை இடமும் உண்டு. 2019-ல் பா.ம.க.வுக்கும் ம.தி.மு.க.வுக்கும் உடன்பாட்டிலேயே அது இருந்தது. 2024-ல் மக்களவைக்கு நிற்காத மக்கள் நீதி மய்யத்துக்கு 2025-ல் கிடைத்தது. இந்த உடன்பாட்டைக் கோர்ட்டில் காட்டி வாங்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது எந்தத் தேர்தல் சின்னத்தில் நிற்பது என்பது. பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றால் ஜெயிப்பது எளிது, ஆனால் சட்டப்படி நீங்கள் அந்தக் கட்சி உறுப்பினர். அவர்களின் கொறடா சொல்வதை மீறினால் பதவி போகும். கட்சியின் கணக்கிலும் ஒரு வாக்கு ஏறாது. ஆறு ஆண்டு தன் பெயரில் எங்கும் நிற்காத கட்சியைத் தேர்தல் ஆணையம் பதிவிலிருந்து நீக்கலாம். 2025 செப்டம்பரில் 474 கட்சிகளை அப்படி நீக்கியபோது, சட்டமன்றத்தில் ஆள் இருந்தும் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் அதில் சிக்கின. மாறாக, வி.சி.க. 2024-ல் சொந்தமாகப் பானைச் சின்னத்தில் நின்று இரண்டு இடம் ஜெயித்தது. மாநிலத்தின் மக்களவைத் தொகுதிகளில் 25-க்கு ஒரு எம்.பி., மிச்சத்துக்கு ஒருவர் என்ற விதிப்படி 39 தொகுதிக்கு இரண்டு போதும், அதனால் மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது. நாம் தமிழர் ஒரு இடம்கூட ஜெயிக்காமல் 8 சதவீத வாக்கு என்ற விதியில் அதே அங்கீகாரத்தைப் பெற்றது.

சொந்தச் சின்னம் ஜெயித்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குமரி மாவட்டமே சாட்சி. 1952-ல், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், குமரி அப்போது இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலச் சட்டமன்றத்தில் பெற்றது 8 இடம்தான், மக்களவைக்கு நாகர்கோவிலில் நேசமணி. 1953-ல் அவர்கள் ஆதரவை விலக்கியதும் ஏ.ஜே. ஜான் அமைச்சரவை கவிழ்ந்தது. 1954-ல் 12 பேர். அடுத்த ஆண்டு பட்டம் தாணு பிள்ளை அமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் போனது. தெற்கு எல்லைப் போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களின் தியாகத்தோடு இந்த எண்ணிக்கையும் சேர்ந்துதான் 1956 நவம்பர் 1-ல் நான்கு தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைத்தது. அந்த 8 பேரும் வேறொரு கட்சியின் பெயரில் உட்கார்ந்திருந்தால் விலக்குவதற்கு ஆதரவு என்று ஒன்று இருந்திருக்காது.

இன்று ஒரு குமரிக் கட்சி அப்படி நிற்க விரும்பினால் தேதி பார்த்து இயங்க வேண்டும். பதிவு பெற்ற, அங்கீகாரமில்லாத கட்சி பொதுச் சின்னத்துக்கு (தன் வேட்பாளர் எல்லாருக்கும் ஒரே சின்னம்) விண்ணப்பிக்கும் காலம், மக்களவை அல்லது சட்டமன்றத்தின் ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கும்போது தொடங்கி தேர்தல் அறிவிக்கைக்கு ஐந்து நாள் முன்பு முடியும். முதலில் வந்தவருக்கே முன்னுரிமை. 2023 டிசம்பர் 17-ல், கதவு திறந்த அன்றே, கர்நாடகக் கட்சி ஒன்று கரும்பு விவசாயி சின்னத்துக்கு விண்ணப்பித்தது. அடுத்த பிப்ரவரியில் போன நாம் தமிழருக்கு, முன்பு நின்ற அந்தச் சின்னம் கிடைக்கவில்லை, மைக் சின்னத்தில் நின்றார்கள். மக்களவைக்குக் குறைந்தது இரண்டு தொகுதியில் நிற்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஒரே தொகுதியில் நின்ற ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் மறுக்கப்பட்டது இதனால்தான், திருச்சியில் தீப்பெட்டியில் நின்று ஜெயித்தார்கள். ஆகவே குமரியில் மட்டும் நிற்கப் போகிற கட்சி பக்கத்துத் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இன்னொரு வேட்பாளரையும் தயார் செய்ய வேண்டும். டெபாசிட் ஆளுக்கு 25,000 ரூபாய், முன்மொழிய ஒவ்வொருவருக்கும் அந்தந்தத் தொகுதி வாக்காளர் 10 பேர். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு ஒருவர் போதும்.