டீச்சரிடம் கேளுங்கள்: சோள மாவில் கலப்படமா?

கேள்வி: தக்காளி சூப்புக்காகச் சோள மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். வேகமாகக் கலக்கினால் கரண்டி இறுகி நின்றுவிடுகிறது. கையை எடுத்தால் மறுபடி நீர்க்க ஓடுகிறது. மாவில் என்னவோ கலந்திருக்கிறார்கள், கொட்டிவிடு என்கிறார் என் மாமியார். கொட்டிவிடலாமா டீச்சர்?
- ஒரு வாசகி, தாண்டிக்குடி

பதில்: கொட்டாதீர்கள் அம்மா. சுத்தமான மாவின் குணமே அதுதான்.

கரைத்தேன் என்று சொல்கிறோமே தவிர, பச்சைத் தண்ணீரில் அது கரைவதே இல்லை. அசைக்காமல் வைத்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை 100 பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஒரு மாவு மணி ஏறக்குறைய அவ்வளவுதான். மிளகு விளையும் ஊர்க்காரர் நீங்கள். மூட்டைக்குள் விரலை அசைத்து அசைத்து நுழைத்தால் மிளகு விலகி வழிவிடும். ஓங்கிக் குத்தினால் கைமுட்டிதான் வலிக்கும். இங்கேயும் அப்படித்தான். மெதுவாகக் கலக்கும்போது நடுவில் இருக்கும் தண்ணீர் மணிகளை வழுக்கிப் போகவிடுகிறது. வேகம் கூடினால் மணியும் மணியும் உரசி, ஒன்றையொன்று நகரவிடாமல் பூட்டிக்கொள்கின்றன.

2 கப் மாவுக்கு 1 கப் தண்ணீர் வைத்து ஒரு தட்டில் செய்து பாருங்கள். கட்டை விரலால் அழுத்தினால் மேலே இருந்த பளபளப்பு சட்டென்று மறைந்து, காய்ந்த களிமண் மாதிரி வெடிப்பு விடும். நெருக்கப்பட்ட மணிகள் இடம் தேடி விரிய, மேல்தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. விரலை எடுங்கள், பளபளப்பு திரும்பி வரும். இதைக் காட்டத்தான் கொடைக்கானலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷாவருஷம் மேசையைச் சுற்றி நிறுத்துவேன். மாமியார் கையிலும் ஓர் உருண்டை கொடுங்கள். உருட்டும்வரை உருண்டையாக இருக்கும், நிறுத்தினால் விரலிடுக்கில் வழியும். ஆனால் கார்ன் ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளை மாவுதான் வேண்டும். மஞ்சளாக அரைத்த மக்காச்சோள மாவிலோ மைதாவிலோ இது வராது.

சரி, சூப்புக்கு வருவோம். இன்னும் தண்ணீர் விட்டு மோர் போல நீர்க்க ஆக்கி, கொதிக்கும் சூப்பில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். காய்ந்த மாவை நேராகப் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து, உள்ளே பச்சை மாவோடு கட்டி தட்டும். 70 டிகிரி வாக்கிலேயே மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிப்பதால் பருப்பு வேகத்தான் தாமதம், சூப் கெட்டியாவதில் குறையே இருக்காது.

அப்புறம், செய்து பார்த்த மாவை சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். குழாய் வளைவில் படிந்து அடைத்துக்கொள்ளும். தட்டிலேயே காயவிட்டுச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள்.