தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்

அண்ணா, போன வாரம் நீங்கள் கோத்தகிரியிலிருந்து மகளோடு வந்தபோது, பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதலாகப் பேசி அனுப்பிவிட்டேன். அது போதாது. தோட்டத்தை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வேண்டாம். பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. அந்த வருமானத்தை நம்பி நான்கு வருடக் கடனா? மைத்துனர் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது அவரில்லை.

கணக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதை அவளே சொன்னாள். நீங்கள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் வேறொன்றைக் கவனித்தேன். பழைய மெஷின் கையேட்டிலிருந்து ஒரு வரியைக் கொடுத்தேன்: "கிளீனிங் தி ஃபில்டர், டு ஓப்பன் தி கவர் அண்ட் பவர் ஷுட் பி ஆஃப்." இரண்டு நிமிடத்தில் மாற்றித் தந்தாள்: "டர்ன் ஆஃப் தி பவர், ஓப்பன் தி கவர் அண்ட் கிளீன் தி ஃபில்டர்."

மூன்று வேலைக்கும் ஒரே வகை வினை, மூன்றும் கட்டளை. அப்புறம், கரண்டை முதலில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். எழுதியவர் கோட்டைவிட்ட வரிசை அது. அவள் எழுதியபடி வேலை செய்பவர் கைக்கு ஆபத்தில்லை.

வினைகளை இப்படி ஒரே வடிவில் அடுக்குவதை ஆங்கிலத்தில் பேரலல் ஸ்ட்ரக்சர் என்பார்கள். நமக்குப் புதிதில்லை, பள்ளியில் படித்த எண்ணும்மையிலும், அதாவது 'உம்' போட்டு அடுக்கும்போதும், இதே ஒழுங்குதான். "கொழுந்து பறிக்கவும் எடை போடவும் வண்டியில் ஏற்றுதலும் தெரியும்" என்றால் உங்கள் காதே இடறும். "ஏற்றவும்" என்று வந்தால்தான் வாக்கியம் உட்காரும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். "ரீடிங்" என்று தொடங்கினால் அடுத்தது "ரைட்டிங்", நடுவில் "டு ரைட்" நுழையக்கூடாது. "நாட் ஒன்லி" என்பதற்குப் பின்னால் வினை வந்தால் "பட் ஆல்சோ"வுக்குப் பின்னாலும் வினைதான் வர வேண்டும். பட்டியல் போட்டால் ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரித் தொடங்க வேண்டும். பட்டதாரிகள் பலர் தடுமாறும் இடம் இது. அவளுக்குக் காதிலேயே இருக்கிறது.

இதற்கு ஒரு வேலை இருக்கிறது: டெக்னிக்கல் ரைட்டர். மென்பொருள், மருத்துவக் கருவி, பம்ப் என்று எதைச் செய்தாலும் அதற்குக் கையேடு எழுத ஆள் வேண்டும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காகவே சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலிஷ் என்று ஒரு விதித்தொகுப்பு 1986-லிருந்து இருக்கிறது. செய்முறை சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விளக்கம் என்றால் 25. கேட்டால் இலவசமாகவே தருவார்கள். இந்த வருடமே அவள் அதைப் படிக்கத் தொடங்கலாம். இப்போது கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறதே என்று கேட்டீர்கள். எழுதும். கவரைத் திறக்கும் முன் கரண்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறதா என்று சரிபார்க்க ஆள் வேண்டும். மேலோட்டமாக எழுதுபவர்களுக்குச் சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் இலக்கணத்தோடு ஒரு துறையின் விஷயமும் அவளுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் போதும். பஸ்ஸில் போய் வரலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மூன்று வருடமும் மாதம் ஒரு கையேட்டை எடுத்து அவள் திருத்தி எழுதட்டும். நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலோடு அதையும் காட்டலாம்.

மைத்துனரிடம் நீங்கள் பேசுங்கள், அவளைப் பேச வைக்காதீர்கள். சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்பிவையுங்கள். வீட்டில் மருந்து தெளிக்கும் மெஷினின் கையேடு இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள்.