அதிகாலை நாலரை மணிக்கு விழித்திருக்கும் மகனைப் பற்றி

அன்புள்ள அம்மா,

சென்ற சனிக்கிழமை ராயபுரத்துக்கு, என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்க, நீங்களும் உங்கள் கணவரும் மகனை அழைத்துக்கொண்டு வந்தபோது, வெளியே இன்னும் நான்கு குடும்பங்கள் காத்திருந்ததால், உங்களிடம் நிதானமாகப் பேச முடியவில்லை. அவன் விடியுமுன் விழித்துப் பார்க்கும் கனடா நாட்டுப் பனி ஹாக்கியைப் பற்றியும், அவன் படிப்பைப் பற்றியும் அரைகுறையாகச் சொல்லி அனுப்பியது மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். மகனும் படிக்கட்டும், அவனுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

முதலில் உங்கள் கணவரின் அச்சம். துறைமுகத்திலிருந்து ட்ரெய்லரை எடுத்து, எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிற தந்தை, பதினோராம் வகுப்பு முடித்த மகன் இருட்டில் செல்போனைப் பார்த்துப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டிருப்பதைக் கண்டால், அவர் மனம் சூதாட்டத்தின் பக்கம்தான் போகும். அதில் தவறே இல்லை. இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து தவித்த வீடுகளை நம் பகுதியில் நானும் பார்த்திருக்கிறேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகும் பெற்றோரின் அந்தக் கவலை தீர்ந்துவிடவில்லை. ஆகவேதான் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வியே பணத்தைப் பற்றியதாக இருந்தது. அவன் தயங்காமல் செல்போனைத் திறந்து என் முன் வைத்தான். பந்தயச் செயலி எதுவும் அதில் இல்லை. பணம் போன தடமும் இல்லை. இருந்தாலும், மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கணவர் அவனோடு உட்கார்ந்து அந்தச் செல்போனைப் பார்ப்பது நல்லது. ஒளிந்து பார்க்க வேண்டாம், சொல்லிவிட்டே பார்க்கட்டும்.

அடுத்து, நீங்கள் கேட்ட கேள்வி. “பக்கத்தில் செரியன் நகர்ப் பெண் காசிமா கேரம் ஆடி அமெரிக்கா வரை போய்த் தங்கம் வாங்கி வந்தாள், இவன் ஆடக்கூட இல்லையே, பனியே பெய்யாத ஊரில் உட்கார்ந்து எங்கேயோ நடக்கும் பனி ஹாக்கியைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்?” என்றீர்கள். காசிமா 2024இல் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றது நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் எந்த விளையாட்டிலும் ஆடுகிறவருக்குப் பக்கத்தில், ஆட்டத்தைக் கணக்கில் எழுதி வைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் மகன் இரண்டாவது வகை. அவனை முதல் வகையின் அளவுகோலால் அளந்தால் அவனிடம் இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

அவன் பின்தொடர்வது ஒண்டாரியோ ஹாக்கி லீக். கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகளில் ஒன்றான இதில், பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையுள்ள இளைஞர்கள் ஆடுகிறார்கள். மொத்தம் 20 அணிகள்; செப்டம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் வரை ஒவ்வோர் அணிக்கும் 68 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளி. கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பிரிவுகளிலும் முதல் எட்டு இடம் பிடிக்கும் அணிகள், சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகளான பிளே-ஆஃபுக்குப் போகும். அங்கே ஓர் ஆட்டத்தில் தோற்றால் வெளியேற வேண்டியதில்லை. ஏழு ஆட்டத் தொடரில் எந்த அணி முதலில் நான்கை வெல்கிறதோ அது அடுத்த சுற்றுக்குப் போகும், இப்படி நான்கு சுற்று. அதன்பின் மூன்று லீகுகளின் சாம்பியன்களும், போட்டியை நடத்தும் ஊரின் அணியும் மோதுவது 1919 முதல் நடந்துவரும் மெமோரியல் கோப்பை. அவனுடைய மாமா வேலை பார்க்கும் லண்டன், இங்கிலாந்தில் உள்ளது அன்று, ஒண்டாரியோவில் உள்ள லண்டன்; அந்த ஊர் அணியான லண்டன் நைட்ஸ் 2025இல் லீகின் பிளே-ஆஃபில் 16 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டுமே தோற்று, பிறகு மெமோரியல் கோப்பையையும் வென்றது. மாமா அனுப்பிய படங்களில் தொடங்கிய ஆர்வம் அந்த ஆண்டிலிருந்து கணக்காக மாறியிருக்கிறது.

கணக்கு என்று நான் சொல்வது அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய அந்த நீள நோட்டை. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த வகை நோட்டு. சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, கோலை நோக்கி வந்த அடிகள், கோல்கீப்பர் தடுத்தவை, தவறு செய்த ஆட்டக்காரர் வெளியே உட்கார வேண்டிய தண்டனை நிமிடங்கள் என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறான். ஒரு வரியில் ஒரு கோல்கீப்பர் 31 அடிகளில் 29ஐத் தடுத்ததாகவும், விகிதம் 0.935 என்றும் இருந்தது. அதற்கு இரண்டு வரி தள்ளி இன்னொருவர் 18இல் 17ஐத் தடுத்து 0.944 பெற்றிருந்தார். “அப்படியானால் இரண்டாமவர்தானே சிறந்தவர்?” என்று கேட்டேன். அவன் உடனே மறுத்தான். “பதினெட்டு அடி போதாது சார், இன்னும் ஒன்று உள்ளே போயிருந்தால் 0.889 ஆகியிருக்கும், சீசன் முழுக்கப் பார்த்தால்தான் சொல்ல முடியும்” என்றான். சிறிய மாதிரியை நம்பக் கூடாது என்பது புள்ளியியலின் அடிப்படை. கல்லூரியில் அதைப் படித்தவர்களே வேலையில் மறந்துபோவதுண்டு. இவன் யாரும் சொல்லித் தராமல் அந்த இடத்துக்கு வந்திருக்கிறான், அம்மா. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் காட்டினான். ஏழு ஆட்டத் தொடர் எதற்கு, ஒரே ஆட்டத்தில் முடிவு செய்தால் என்ன என்ற சந்தேகம் அவனுக்கு வந்திருக்கிறது. துணிப்பையில் ஆறு வெள்ளை, நான்கு கறுப்புக் கேரம் காய்களைப் போட்டு, பார்க்காமல் ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டு மீண்டும் உள்ளே போட்டு, ஏதாவது ஒரு நிறம் நான்கு முறை வரும்வரை எடுத்திருக்கிறான். அது ஒரு தொடர். இப்படி நூறு தொடர்கள். வெள்ளை 74 தொடர்களில் வென்றதாக எழுதி வைத்திருக்கிறான். நூற்றுக்கு அறுபது வாய்ப்புள்ள அணி ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 71 வரும். அதாவது தொடர் நீண்டால் நல்ல அணிக்குச் சாதகம். அவனுடைய பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் நிகழ்தகவு; பன்னிரண்டாம் வகுப்பில் நிகழ்தகவுப் பரவல்கள் வருகின்றன. கேரம் காயில் கண்டதையே அங்கே சூத்திரமாகப் பார்ப்பான். கணித ஆசிரியரிடம் அந்த நோட்டை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு இருந்தும் அரையாண்டுத் தேர்வில் கணிதம் 88இலிருந்து 61க்கு இறங்கியது ஏன்? ஆர்வம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை, தூக்கக் குறைவு என்று நினைக்கிறேன். அதை நேரக் கணக்கே காட்டுகிறது. ஒண்டாரியோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கும் கோடைக்கால நேரம் அங்கே நடப்பில் இருக்கும்போது, இங்கே அதிகாலை 4.30, நவம்பர் முதல் மார்ச் முற்பகுதி வரை 5.30. லீகின் ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கின்றன. அங்கே வெள்ளி இரவு என்றால் நமக்குச் சனி அதிகாலை, அங்கே சனி இரவு என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை. இவை இரண்டையும் அவன் பார்க்கட்டும், முந்தைய இரவு ஒன்பதரைக்குப் படுத்துவிட்டால் உடம்புக்குக் கேடில்லை. கெடுத்தது ஞாயிறு மதிய ஆட்டங்கள். அங்கே மதியம் 2 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே திங்கள் நள்ளிரவு 12.30, முடிய மூன்று மணி ஆகும். அந்தக் கண்களோடு திங்கள் காலை வகையீடு படித்தால் எதுவும் ஏறாது. ஞாயிறு ஆட்டத்தையும் வார நாள் ஆட்டங்களையும் நேரலையில் பார்ப்பதில்லை, மறுநாள் மாலை எண்களை மட்டும் எடுத்து எழுதிக்கொள்வது என்று அவனே ஒப்புக்கொண்டான். நீங்கள் அதை நினைவூட்டினால் போதும். செல்போனைப் பிடுங்க வேண்டாம்.

அடுத்த ஆண்டைப் பற்றியும் இப்போதே யோசித்துவிடுவோம். 2025இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை நடந்தது; லீகின் பிளே-ஆஃப், தேர்வு முடிந்த அந்த வாரத்தின் கடைசியில்தான் தொடங்கியது. ஆகவே பொதுத்தேர்வுக்கு ஆபத்து நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. எனக்குக் கவலை ஏப்ரலும் மே மாதமும். நுழைவுத் தேர்வுகள் வரும் அந்த வாரங்களில்தான் பிளே-ஆஃப் சூடு பிடிக்கும்; அதிலும் கூடுதல் நேரம் வந்துவிட்டால், யாராவது ஒரு கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக ஆட்டம் நீண்டுகொண்டே போகும். அந்த இரண்டு மாதங்கள் மட்டும் நோட்டை மாமாவிடம் ஒப்படைக்கலாம். மாமா எண்களை எழுதி அனுப்பட்டும், தேர்வுகள் முடிந்ததும் இவன் சேர்த்துக்கொள்ளட்டும்.

அந்த லீகைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. அங்கே பதினாறு வயதுப் பையன்கள் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய், முன்பின் தெரியாத குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிப் பள்ளிக்கும் பயிற்சிக்கும் போய்வருகிறார்கள். ஆனால் வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறைப் பனி ஹாக்கி லீகான என்.எச்.எல். அணிகள் ஆண்டுதோறும் உலகம் முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுப்பது சுமார் 224 பேரைத்தான்; பெரும்பாலான பையன்களுக்கு அந்தக் கதவு திறக்காது. இதை அறிந்தே, ஒரு சீசன் ஆடினால் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம் என்ற கணக்கில் அவர்களுக்குக் கல்வி உதவி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உங்கள் மகனிடம் இதை நான் சொன்னபோது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவனுக்குப் படிப்பில் அலட்சியம் இல்லை.

இனிப் படிப்பு. அவன் எடுத்திருக்கும் கணிதம், கணினி அறிவியல் பிரிவு சரியானதே; மாற்ற வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வருகிறது. அந்த நோட்டிலுள்ள எண்களையே பைத்தானில் ஏற்றிப் பழகினால் பாடமும் ஆகும், அவன் ஆசையும் தீரும். கல்லூரிக்கு என் முதல் பரிந்துரை பி.எஸ்சி. புள்ளியியல். கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் அது இருக்கிறது; அரசுக் கல்லூரி என்பதால் செலவு உங்கள் கைக்கு அடங்கும், வீட்டிலிருந்தே போய்வரலாம். லயோலாவிலும், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் உண்டு. இதோடு சேர்த்து, சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பையும் அவன் முயலலாம். அதற்கு ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடத்துக்குப் பின் ஒரு தகுதித் தேர்வு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் நிறுவனமும், கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் தனித்தனி நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. கடினமானவைதான். ஆனாலும் எழுதிப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அந்த வினாக்கள் மனப்பாடத்தைக் கேட்பதில்லை, யோசிப்பதைக் கேட்கின்றன.

வேலையைப் பற்றி உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. விளையாட்டுத் தரவு என்பது உண்மையான தொழில். கிரிக்கெட் அணிகளுக்கு ஆட்டப் பகுப்பாய்வு செய்துவரும் ஸ்போர்ட்ஸ்மெக்கானிக்ஸ் நம் சென்னை நிறுவனம்தான், ஐஐடியிலும் விளையாட்டு அறிவியலுக்கும் பகுப்பாய்வுக்கும் ஒரு மையம் இருக்கிறது. ஆயினும் இத்துறையின் முதல் படியில் கிடைப்பது, ஆட்டத்தைப் பார்த்து நொடிக்கு நொடி பதிவு செய்யும் வேலை. வெளிநாட்டு ஆட்டங்கள் என்றால் இரவுப் பணி, தொடக்கச் சம்பளமும் பெரிதாக இராது. பட்டம் இல்லாமல் அந்தப் படியில் சேர்ந்தால் அங்கேயே நின்றுவிட நேரும். புள்ளியியல் படித்துவிட்டுச் சேர்ந்தால் மேலே ஏறலாம், ஏற முடியாவிட்டாலும் வங்கி, காப்பீடு, மருத்துவ ஆய்வு என்று அதே கணக்கு வேறு இடத்தில் சோறு போடும். விளையாட்டு மேலாண்மை என்ற பெயரில் லட்சங்களில் கட்டணம் கேட்கும் தனியார் சான்றிதழ் வகுப்புகளில் இப்போது சேர்த்துவிடாதீர்கள். அவன் வயதுக்கும் உங்கள் வருமானத்துக்கும் அது பொருந்தாது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். அந்த நீள நோட்டையும், அரையாண்டுக் கணித விடைத்தாளையும், உங்கள் வருமானச் சான்றிதழையும் கொண்டுவாருங்கள். உங்கள் கணவருக்கு அன்று இரவுப் பணி இல்லையென்றால் அவரும் அவசியம் வர வேண்டும். கேரம் காய்களை வைத்து நூறு தொடர்களையும் எப்படி எடுத்தான் என்பதை மகன் அவருக்கு ஒருமுறை செய்து காட்டட்டும்.