குடிக்காதவர் ஊதினாலும் காட்டுமா? சாப்பாடும் மூச்சுப் பரிசோதனையும் - கேள்வி பதில்

அரசுத் தடயவியல் ஆய்வகம் ஒன்றில் நஞ்சியல் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவர்களின் ரத்தக் குப்பிகள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். "நான் குடிக்கவே இல்லை, சாப்பிட்டது ஏதோதான் கருவியில் காட்டியிருக்கிறது" என்று சொன்னவர்களும் அதில் உண்டு. அவர்களில் சிலர் சொன்னது உண்மை, பலர் சொன்னது பொய். எது எப்படி என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பதில்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: நாலு மாதமாக கீட்டோ டயட்டில் இருக்கிறேன் மேடம். வாயில் அழுகிய பழம் மாதிரி வாடை வருவதாக மனைவி சொல்கிறார். சரக்கைத் தொட்டதே இல்லை. போலீஸ் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்வேனா?

பெரும்பாலும் மாட்டமாட்டீர்கள். ஆனால் உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்போது கீட்டோன்கள் உண்டாகும். அதில் ஒன்று அசிட்டோன், நகப்பூச்சை அழிக்கிற திரவத்தில் இருக்கிற அதே பொருள். எளிதில் ஆவியாகும் என்பதால் மூச்சில் வெளியே வருகிறது. உங்கள் மனைவி சொல்லும் வாடை அதுதான்.

இனி கருவிக்கு வருவோம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கருவிகளில் குறைக்கடத்தி சென்சார் இருக்கும். அது அசிட்டோனையும் ஆல்கஹாலையும் பிரித்துப் பார்க்காது, இரண்டுக்குமே எண் காட்டும். அதை வாங்கி வீட்டில் ஊதிப் பார்த்துப் பயந்துபோய் எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். தரமான கைக்கருவிகளில் இருப்பது ஃபூயல் செல், அதாவது பிளாட்டினம் தகட்டில் ஆல்கஹாலை வேதிவினைக்கு உட்படுத்தி, அதில் வரும் மின்சாரத்தை அளப்பது. அசிட்டோன் அந்தத் தகட்டில் வினைபுரியாது. ஆகவே கருவி கண்டுகொள்ளாது.

இதோடு முடிந்தால் நிம்மதி. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் அசிட்டோன் அதிகமானால், நம் கல்லீரலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் அதே நொதி எதிர்த்திசையில் வேலை செய்து, கொஞ்சம் அசிட்டோனை ஐசோபுரொப்பனால் ஆக்கிவிடும். அதுவும் ஒரு வகை ஆல்கஹால்தான், ஃபூயல் செல்லுக்கு அது தெரியும். சுவீடனில் இப்படி ஒரு சம்பவத்தை 2007இல் ஓர் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 59 வயதுக்காரர், மதுவே தொடாதவர், எடை குறைக்க மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தார். அவருடைய காரில், ஊதினால்தான் எஞ்சின் கிளம்பும் என்கிற பூட்டுக் கருவி இருந்தது. ஒருநாள் ஊதினார், கார் கிளம்பவில்லை. மனிதர் அதிர்ந்துபோனார். ஆராய்ந்து பார்த்ததில் ஐசோபுரொப்பனால்தான் காரணம் என்று விளக்கினார்கள்.

சுவீடனின் வரம்பு நம்முடையதைவிடக் குறைவு என்பதையும் கவனியுங்கள். சாதாரண கீட்டோ உணவால் நம் ஊர் வரம்பான 30ஐ, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலை, ஒருவர் தாண்டுவது அரிது. சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராஃபி, அதாவது கலவையை ஆவியாக்கிப் பொருள்களைப் பிரிக்கும் சோதனையில், எத்தனால் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்), அசிட்டோன், ஐசோபுரொப்பனால் மூன்றும் தனித்தனி நேரத்தில் வரைபடத்தில் தனித்தனிச் சிகரமாக வரும். அங்கே குழப்பத்துக்கு இடமே இல்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர்: கேரளத்தில் பலாப்பழம் சாப்பிட்ட டிரைவர்கள் மாட்டினார்கள் என்கிறார்கள், உண்மையா அக்கா? நான் காலையில் பழைய சோறு சாப்பிட்டுத்தான் வண்டி எடுப்பேன்.

உண்மைதான் தம்பி. 2025 ஜூலையில் பந்தளம் டிப்போவில் நடந்தது. பணிக்கு முன் ஊதிய ஓட்டுநர்களுக்குக் கருவி ஆல்கஹால் காட்டியது. குடிக்கவில்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். கருவியில் பூஜ்யம் காட்டிய ஒருவரைப் பலாச்சுளை சாப்பிடச் சொல்லி மறுபடி ஊத வைத்தார்கள், அவருக்கும் காட்டியது. நன்றாகப் பழுத்த பலாவில் சர்க்கரை அதிகம். அதில் ஈஸ்ட் சேர்ந்தால் பழத்துக்குள்ளேயே கொஞ்சம் நொதித்து எத்தனால் உண்டாகும். அளவு சொற்பம்தான். ஆனால் சுளையை மென்ற வாயோடு அப்படியே ஊதினால் அந்தச் சொற்பமே போதும்.

ஏன் போதும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 1 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலும் 2100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும் ஆல்கஹாலும் ஏறக்குறைய சமம் என்று வைத்துத்தான் இந்தக் கருவிகள் கணக்குப் போடுகின்றன. அப்படியானால் திரையில் 30 காட்ட, 1 லிட்டர் மூச்சில் சுமார் 0.14 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே போதும். 8 சதவீத ஆல்கஹால் உள்ள திரவம் ஒரே ஒரு துளி வாயில் ஒட்டியிருந்தால் அதில் சுமார் 3 மில்லிகிராம் இருக்கும். இருபது மடங்குக்கு மேல்! கருவி பொய் சொல்லவில்லை. நுரையீரலிலிருந்து வருவதாக நினைத்து, வாயில் இருப்பதை அளந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வாயில் ஒட்டிய ஆல்கஹால் 15 நிமிடத்தில் எச்சிலோடு போய்விடும். அதனால்தான் ஊதுவதற்கு முன் 15 முதல் 20 நிமிடம் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல், ஏப்பம் விடாமல் இருக்கிறாரா என்று கவனிப்பதைப் பல நாடுகளில் விதியாகவே வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாலையோரத்தில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. என்னைக் கேட்டால், குடிக்காதவர் மாட்டுவதற்கு உணவைவிடப் பெரிய காரணம் இந்த அவசரம்தான்.

பழைய சோற்றுக்குப் பயப்படாதீர்கள். அதில் பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் வேலைதான், புளிப்பு அதனால் வருவது. சாப்பிட்டதும் நன்றாக வாய் கொப்பளித்துவிட்டுக் கால்மணி நேரம் கழித்து ஊதுங்கள். இட்லி, தோசை பற்றிக் கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மாவில் இருக்கும் கொஞ்சநஞ்சமும் வேகும்போது ஆவியாகிப் போய்விடும்.

பதநீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருந்தால் அது நொதிக்காது. சுண்ணாம்பு குறைந்தோ வெயிலில் நேரம் கடந்தோ புளித்துவிட்டால் அது கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வண்டி ஓட்டுகிற நாளில் புளித்த பதநீர் வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: பிரசவத்துக்குப் பிறகு தசமூலாரிஷ்டம் குடிக்கிறேன். ஸ்கூட்டி ஓட்டலாமா?

அரிஷ்டம், ஆசவம் இரண்டுமே நொதிக்க வைத்துச் செய்பவை. அதிலேயே உண்டான ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், அச்சிட்டிருப்பார்கள். 8 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 30 மில்லி குடித்தால் உடம்பில் ஏறுவது 2 கிராமுக்கும் குறைவு. ரத்தத்தில் அது 30ஐ எட்டாது. ஆனால் குடித்த உடனே ஊதினால் வாயில் இருப்பதைக் காட்டும். மருந்து குடித்து, வாய் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

ஹோமியோபதி சொட்டு மருந்து, சில இருமல் சிரப், மவுத்வாஷ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். விமானிகளுக்கு இதில் விதியே இருக்கிறது: ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், பல் ஜெல் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023இல் எழுதியே வைத்துவிட்டது. அவர்களுக்கு அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து: வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு லார்ஜ் மட்டும் போட்டால் கருவியில் காட்டாதாமே?

காட்டும். உணவு இருந்தால் ஆல்கஹால் வயிற்றிலேயே அதிக நேரம் தங்கி, மெதுவாகக் குடலுக்கு இறங்கும். உச்ச அளவு கொஞ்சம் குறையும், தாமதமாக வரும். இந்தத் தாமதம்தான் ஆபத்து. "ஒண்ணும் ஏறலையே" என்று சாவியை எடுப்பீர்கள், பாதி வழியில் ஏறும்.

கணக்கைப் பாருங்கள். 60 மில்லி பிராந்தியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு, வெறும் வயிற்றில், அது 100 மில்லி ரத்தத்துக்கு 42 மில்லிகிராம் வரை கொண்டுபோகும். வரம்பு 30. பிரியாணி இதைக் கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவு குறைக்கும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். அதை நம்பி வண்டி எடுக்க முடியாது. பெண்களுக்கும் எடை குறைவானவர்களுக்கும் இதே அளவு இன்னும் அதிகமாகக் காட்டும்.

அப்புறம், மறுநாள் காலை. இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு குவார்ட்டர் முழுக்க அடித்தவர் 128 வரை போகலாம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15தான் குறைக்கும். நள்ளிரவு 12 மணிக்கு உச்சத்தில் இருந்தவர் 30க்கு இறங்கவே காலை ஆறரை ஆகும். ஐந்தரைக்குப் பால் வாங்கப் போகிறவர் சட்டப்படி குடிபோதையில்தான் ஓட்டுகிறார். மோரோ, எலுமிச்சைச் சாறோ, கட்டன் காபியோ அந்த 15ஐ 16 ஆக்காது.

திருச்சியிலிருந்து: வெங்காயம், ஏலக்காய், பாக்கு, காபித்தூள்?

வாடையை மறைக்கும். ஆழ்ந்த மூச்சில் வரும் ஆல்கஹாலை எதுவும் மறைக்காது. கருவி மோப்பம் பிடிப்பதில்லை, அளக்கிறது.

சேலத்திலிருந்து: குடிக்காமலே காட்டிவிட்டால் அந்த இடத்தில் என்ன செய்வது மேடம்? கையும் காலும் ஆடிவிடுமே.

முதலில் அமைதியாக இருங்கள், ஊத மறுக்காதீர்கள். மறுத்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டம் 205வது பிரிவில் இடம் இருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்று சொல்லுங்கள். கால்மணி நேரம் கழித்து, புது ஊதுகுழல் மாட்டி, முடிந்தால் வேறு கருவியில் மறுபடி ஊதக் கேளுங்கள். வாயில் இருந்த ஆல்கஹால் என்றால் எண் சடசடவென்று இறங்கிவிடும். குடித்தவருக்கு அப்படி இறங்காது. இரண்டு முறை ஊதுவதன் அருமை இதுதான்.

அப்படியும் காட்டினால் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான 185வது பிரிவில் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று 202வது பிரிவு சொல்கிறது. ரத்தம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கக் கூடாது. என் மேஜைக்கு வந்த சில கோப்புகளில் இதைப் பற்றிய குறிப்பே இருக்காது. அப்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. ஒரு மனிதனின் வேலையும் மானமும் அந்தப் பஞ்சில் தொங்குகிறது. குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் வைத்த இடத்திலேயே நொதித்து ஆல்கஹால் உண்டாகலாம்.

இந்தச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, குடித்து ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாவது முறை 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை. இவ்வளவு பெரிய தண்டனைக்கு இரண்டாவது முறை ஊதச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து: குடிகாரர்களுக்குத் தப்பிக்க வழி சொல்லித் தருகிறீர்கள். என் தம்பியைக் குடித்தவன் ஓட்டிய கார்தான் கொன்றது.

உங்கள் இழப்புக்கு என்ன சொன்னாலும் ஈடாகாது அம்மா. கோபம் முழுக்க நியாயம். ஆனால் நான் மேலே சொன்ன எந்த வழியிலும் குடித்தவர் தப்ப முடியாது. கால்மணி நேரம் காத்திருந்தால் அவர் எண் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ரத்தம் எடுத்தால் எத்தனால் சிகரம் தெளிவாக நிற்கும். உண்மையில் அவசர அவசரமாக ஒரே ஒருமுறை ஊதவைத்துப் போடும் வழக்குதான் நீதிமன்றத்தில் உடைகிறது. அதனால் லாபம் அடைபவர் குடித்து ஓட்டியவர். ஒழுங்காக அளந்தால் அவருக்குப் பேச இடமே இருக்காது.

புதுச்சேரியிலிருந்து: வயிற்றுக்குள்ளேயே சாராயம் ஊறும் நோய் என்று ஒன்று உண்டா?

உண்டு, மிக மிக அரிது. குடலில் சில ஈஸ்ட்கள் பெருகி, சாப்பிட்ட மாவுச்சத்தை எத்தனாலாக மாற்றிவிடும். பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகர நீதிமன்றம் 2024இல் ஒருவரை இந்தக் காரணத்துக்காக விடுவித்தது. மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகச் சோதித்து உறுதிப்படுத்திய பிறகுதான். பிடிபட்ட இரவில் வாயால் சொல்லிவிட்டால் நிற்காது. இதில் ரத்தத்தில் உண்மையாகவே ஆல்கஹால் இருக்கும், அவருக்கும் போதை ஏறியிருக்கும். எனவே சிகிச்சை எடுக்கும்வரை அவரும் வண்டி எடுக்கக் கூடாது.

தூத்துக்குடியிலிருந்து: அப்பா சர்க்கரை நோயாளி. பைக்கை ஓரம் கட்டித் தள்ளாடி நின்றவரைக் குடிகாரர் என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சர்க்கரை 48.

இதைப் படித்ததும் பதறிவிட்டது. இது கருவியின் பிழை அல்ல, கண்ணின் பிழை. சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், நாக்கு குழறும், கால் தள்ளாடும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், சிலர் கோபப்படுவார்கள். பார்ப்பவருக்கு அப்படியே குடித்தவர் மாதிரி இருக்கும். நேர்மாறாகச் சர்க்கரை மிக ஏறி கீட்டோன் பெருகினால் மூச்சில் பழ வாடை வரும். அதையும் சரக்கு வாடை என்று நினைத்துவிடுவார்கள். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

அப்பாவின் சட்டைப் பையில், "நான் சர்க்கரை நோயாளி, தள்ளாடினால் இனிப்பு கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்" என்று தமிழில் எழுதி உங்கள் எண்ணோடு ஓர் அட்டை வையுங்கள். கூடவே நாலு குளுக்கோஸ் மாத்திரை. இன்சுலின் போடுகிறவர் என்றால் வண்டி எடுக்கும் முன் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஏறியதைப் பார்த்த பிறகே கிளம்பட்டும். 48 வரை இறங்கியிருக்கிறது என்றால் மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம், இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.