தேநீருக்குத் துளசியும் புதினாவும்: நிழலில் உலர்த்தும் முறை

கேள்வி: மொட்டைமாடித் தொட்டிகளில் துளசியும் புதினாவும் நன்றாகத் தழைத்திருக்கின்றன. தேநீருக்காகப் பறித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பாட்டிலில் போட்டேன். புதினா கறுத்து மணமிழந்துவிட்டது. துளசியில் பத்தே நாளில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்? கற்பூரவள்ளியையும் இவ்வாறு உலர்த்தலாமா?
– வாசகி ஒருவர், சென்னை

பதில்: ஆசையாக வளர்த்த செடி இப்படி வீணானால் மனம் வாடத்தான் செய்யும். இரண்டு செடிகளுக்கும் மணம் தரும் எண்ணெய், இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. கடும் வெயிலில் அது ஆவியாகிவிடுகிறது. கழுவும்போது கசங்கிய புதினா இலை கறுப்பதும் இயல்பே.

இனி, காலையில் பனி ஈரம் உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். துளசியில் பூங்கதிர் தலைகாட்டியவுடன் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டு இலை பெருகும். பறித்த இலைகளை நீரில் அலசி, துணியால் ஒற்றி, முறத்திலோ பருத்தித் துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, நாளுக்கு இருமுறை புரட்டிவிடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மின்விசிறி உதவும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் சென்னையில் உலர்த்த முயலாமல், பச்சை இலையையே பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

பூஞ்சணத்துக்குக் காரணம் காம்பிலும் நடுநரம்பிலும் தங்கிய ஈரம். இலை பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் காம்பை வளைத்துப் பாருங்கள்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, பட்டென்று முறிந்தால்தான் பாட்டிலுக்குப் பக்குவம். மூடி வைத்த மறுநாள் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தால், தயங்காமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் உலர்த்துங்கள். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். உலர்ந்த இலையை முழுதாகவே வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, தேநீர் போடும்போது நொறுக்கினால் மணம் நிலைக்கும்.

கற்பூரவள்ளி வேண்டாம். அதன் தடித்த இலையில் நீர் மிகுதி. நிழலில் உலர்வதற்குள் அழுகத் தொடங்கிவிடும். அதைப் பச்சையாகவே பயன்படுத்துங்கள். உலர்த்துவதற்கு எலுமிச்சைப்புல் ஏற்றது. தெரிந்தவர் வீட்டுத் தூரிலிருந்து வேருடன் ஒரு கிளையைப் பிரித்து நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். அதன் தாளை விரற்கடை நீளத்துக்குக் கத்தரித்து உலர்த்துங்கள்.

ஒரு தம்ளர் கொதிநீருக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலை போட்டு, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். திறக்கும்போது மூடியின் அடியில் திரண்டிருக்கும் துளிகளையும் தம்ளரிலேயே வடித்துவிடுங்கள். ஆவியோடு எழுந்த மணம் அவற்றில்தான் இருக்கிறது.